ராஜாவை உருக்கிய வீடு

அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சியில் ஊறியவர்கள் பலரது கார் ஷெட்டில் ஒரு மேசை இருக்கும். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மருந்தும் குண்டும் வைத்து, அங்கேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்வார்கள். செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். பாட்டன் பூட்டன் காலத்துக் கைவேலை என்ற பெருமையும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, அந்தப் பூட்டன் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்தது யார்? அதற்கு ஒரு கணக்குச் சீட்டு இருக்கிறது.

1776 ஜூலை 9. நியூயார்க்கில் வாஷிங்டனின் படைக்கு சுதந்திரப் பிரகடனம் வாசித்துக் காட்டப்பட்டது. அன்று மாலையே ஒரு கூட்டம் பௌலிங் கிரீனுக்குப் போய், குதிரைமேல் இருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. ஆறே வருடத்துக்கு முன் அதே ஊர்க்காரர்கள் நன்றியோடு நிறுவிய சிலை. மேலே தங்கப்பூச்சு, உள்ளே முழுக்க ஈயம்.

ஈயம் என்பதுதான் விஷயம். குடியேற்றங்களுக்கு ஆயுதமும் வெடிமருந்தும் போகக்கூடாது என்று பிரிட்டன் 1774-லேயே தடை போட்டிருந்தது. படைக்குக் குண்டு பஞ்சம். ஈயமோ 327 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பைப் போல உலைக்களம் கேட்காது, வீட்டு அடுப்பே போதும். உடைத்த துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டுக்கு, ஆலிவர் வோல்காட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்துத் தோட்டா என்பது காகிதச் சுருள்தான். உள்ளே ஒரு ஈயக் குண்டு, ஒருமுறை சுட அளவான மருந்து. சிப்பாய் அதைப் பல்லால் கிழித்துக் குழலில் கொட்டுவான். 1857-ல் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்க மாட்டோம் என்று நம் சிப்பாய்கள் மறுத்தார்களே, அதே வகைதான். பொடிப்பொடியான, பொறுமை கேட்கும் வேலை. அதனால் அது பெண்கள் கைக்கும் பிள்ளைகள் கைக்கும் போனது.

யார் எத்தனை செய்தார்கள் என்று வோல்காட் எழுதி வைத்தார். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. வோல்காட்டின் மகள் லாரா 8,378. அடுத்த மகள் மேரி ஆன் 10,790. திருமதி பீச் 1,802. மகன் ஃபிரெடரிக் 936. மற்றவர்கள் சேர்ந்து 2,182. உள்ளூர்ப் படைக்கும் ஒரு ரெஜிமென்ட்டுக்கும் கொடுத்த 350-ஐயும் சேர்த்து மொத்தம் 42,088.

கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஒரு தோட்டாவுக்கு ஒரு நிமிடம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் எழுநூறு மணி நேர உழைப்பு. சிலையைத் தள்ள ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. அந்த மாலையை ஓர்ட்டல் போன்ற ஓவியர்கள் பின்னாளில் பெரிதாக வரைந்தார்கள். எழுநூறு மணி நேரத்தை யாரும் வரைந்ததாகத் தெரியவில்லை. குனிந்து உட்கார்ந்து காகிதம் சுருட்டுவதில் வரைய என்ன இருக்கிறது?

ஆனால் இதைப் பெண்களின் பெருமைக் கதையாக மட்டும் முடித்துவிடவும் மனம் வரவில்லை. சிலை விழுந்தபோது மேரி ஆனுக்குப் பதினொரு வயது, ஃபிரெடரிக்குக்கு எட்டு. மூன்றாம் வகுப்புப் பையன் செய்த 936 தோட்டாக்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதனைக் குறிவைப்பதற்காகச் செய்யப்பட்டது. அது அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்பா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்கும் அது நல்ல காரியமாகத்தான் படும். ராஜாவையே உருக்கி ராஜாவின் படைமேல் சுடுவது கேட்க அழகான கவிதை நியாயம். குண்டு வாங்கியவனோ லண்டனில் இருந்த ராஜா அல்ல, கூலிக்கு வந்த யாரோ ஒரு ஏழை வீட்டுப் பையன்.

பௌலிங் கிரீனைச் சுற்றிய இரும்பு வேலி இன்றும் நிற்கிறது. சிலைக்குக் காவலாக 1771-ல் போட்ட வேலி. அதன் கம்பங்கள்மீது இருந்த அலங்காரங்கள் அறுபட்ட தடம் அப்படியே தெரியும். லிட்ச்ஃபீல்டில் வோல்காட் வீடும் இருக்கிறது. தோட்டாவைச் செய்த கணக்கு கடைசி எண் வரை நம் கையில் உள்ளது. அவை போய்ச் சேர்ந்த இடத்துக்கு அப்படி ஒரு சீட்டை யாரும் எழுதவில்லை.