அபினும் அளவும்: ஈழநாட்டு மருந்துச் சட்டம் புகட்டும் பாடம்

வயலையும் வாவியையும் நம்பி வாழும் மட்டக்களப்பு மக்களுக்கு முதுகு நோவும் முழங்கால் நோவும் புதியனவல்ல. நெடும்போரில் அவயவம் இழந்தோரும், புற்றுநோயால் வருந்துவோரும் எழுவான்கரை படுவான்கரை இரண்டிலும் உளர். நோய் தீராவிடினும் நோவு தணிதல் வேண்டும் என்பதே அன்னோர் வேண்டுகோள். நோவு தணிக்கும் மருந்துகளுள் வலியன அபினும் அதன் வழிவந்த மோர்பின் முதலியனவுமாம். இவற்றை நம் நாடு எவ்வாறு ஆண்டது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு அபினை வருவாய்ப் பொருளாகக் கருதி, உத்தரவு பெற்ற கடைகளில் விற்க இடமளித்தது. இந்தியாவிலிருந்து வந்த அபின் நோயாளர்க்கும் பழக்கத்திற்கு அடிமையானோர்க்கும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டது. கண்டனக் குரல் வலுக்கவே, 1907ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கடைகளை மூடி, வைத்தியப் பகுதி வாயிலாக அரசே விநியோகிக்க வேண்டும் என அக்குழு கருதிற்று. 1910ஆம் ஆண்டுச் சட்டம் அக்கருத்துக்கு உருக்கொடுத்தது. அபின் உண்போர் பதிவு செய்யப்பட்டனர். நாட்டு வைத்தியர் தம் மருந்துக்கு வேண்டிய அபினைப் பெறவும் வழி விடப்பட்டது. சட்டம் கடை வாசலை அடைத்ததேயன்றி வைத்தியர் வாசலை அடைக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் தடையோடு வைத்தியத் தேவைக்கும் இடம் வைத்தது. 1961ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையும், நோவகற்ற இம்மருந்துகள் இன்றியமையாதன என ஒப்புக்கொண்டே அவற்றைக் கட்டுப்படுத்திற்று.

இச்சமநிலை பிறழ்ந்தால் நேரும் தீங்கு இருவகைத்து. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் ஒக்சிகொடோன் மாத்திரை பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டு, நாட்பட்ட நோவுக்கெல்லாம் தாராளமாக எழுதப்பட்டது, பலர் அதற்கு அடிமையாயினர், பல்லாயிரவர் மாண்டனர். இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி வைத்தியசாலைகள் பல மோர்பின் வைத்திருப்பதையே கைவிட்டன; புற்றுநோயாளர் கதறித் துடித்தனர். அச்சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. ஒரு நாட்டில் மிகை கொன்றது. மற்றொன்றில் அச்சம் வதைத்தது.

ஆதலின் வேண்டப்படுவது விலக்கன்று, அளவேயாம். புற்றுநோயின் கொடிய நோவுக்கு மோர்பினை மறுத்தல் தகாது. நாட்பட்ட முதுகு, மூட்டு நோவுகளுக்கோ உடற்பயிற்சியும் பிற மருந்துகளுமே முற்பட ஆராயத்தக்கன. அபின்வழி மருந்து தேவைப்படின் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பயன் உண்டா என இடையிடையே நோக்குதல் வேண்டும். தூக்க மருந்தோடும் மதுவோடும் அது சேரின் மூச்சே அடங்கக்கூடும். நெடுநாள் உண்டவர்க்கு அதனைத் திடீரென நிறுத்துதலும் கொடுமையே. அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளைச் சிலர் கடும் விதியாகக் கொண்டு நோயாளரைக் கைவிட்டனர். அதனாலேயே 2022ஆம் ஆண்டில் அவை திருத்தப்பட்டன.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவனை முதலில் வைத்து, மருந்தை மூன்றாம் இடத்தில் வைத்தார். சட்டம் இயற்றுவோரும் மருந்து எழுதுவோரும் அவ்வரிசையை மறவாதிருப்பாராக. நோவுற்றவனை ஐயுறாது, மருந்தை ஐயுற்று அளந்து கொடுப்பதே அறம்.