பொய்க் கோடீஸ்வரர் வந்த கதை

பணமுள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நடுவே காதல் முளைத்தால் தமிழ்ப் படத்தில் யாராவது செத்தாக வேண்டும் என்பது நெடுநாள் எழுதாத சட்டம். அந்தஸ்து பார்த்த அப்பாவால் 1953இல் தேவதாஸ் குடித்தே செத்தான். இயக்குநர் ஸ்ரீதரும் ‘கல்யாண பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) என்று அழவைத்தே பெயர் வாங்கியவர். அவரே 1964 பிப்ரவரியில் ‘காதலிக்க நேரமில்லை’யைக் கொண்டுவந்தார். பணத்திமிரை எதிர்த்து வசனம் பேசிய படங்கள் சாதிக்காததை இது சாதித்தது என்பேன்: பணக்காரர் பணத்தை மதிக்கும் விதமே சிரிப்புக்குரியதாயிற்று. அதற்கு முன்பே ‘சபாபதி’ (1941) ஒரு ஜமீன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்ததே என்று கேட்கலாம். அங்கே சிரிக்கப்பட்டது அவனுடைய அசட்டுத்தனம். அவன் கைப்பணத்தை யாரும் தொடவில்லை.

எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வரும் பாலையாவைக் கவனியுங்கள். மகள்களோடு தகராறு என்பதற்காக அசோக்கை (ரவிச்சந்திரன், முதல் படம்) வேலையைவிட்டுத் துரத்துகிறார். அவன் பங்களா எதிரிலேயே கூடாரம் அடித்து வேலை கேட்டு ஆட்டமும் பாட்டுமாகப் போராடுகிறான். முதலாளியைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறான். அவரோ மசிவதில்லை. அவர் மகளையே காதலிக்கும் அதே அசோக் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று காதில் விழுந்ததும் குரல் குழைகிறது, முதுகு வளைகிறது. அந்தக் கோடீஸ்வரர், கிழவர் வேஷம் கட்டிய நண்பன் வாசு (முத்துராமன்). மாறியது ஒரு வதந்தி மட்டும். பையன் அதே பையன். பாலையா அந்த வளைவை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார் என்பதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். மகன் செல்லப்பா (நாகேஷ்) சினிமா எடுக்கப் பணம் கேட்டு நச்சரிப்பதும் இந்தக் கஜானாவைத்தான். இரண்டாண்டு கழித்து ‘அன்பே வா’வில் எம்.ஜி.ஆர். தலைகீழாகச் செய்தார்: பணக்காரன் தன் பெயரை மறைத்துக்கொண்டு காதலித்தான்.

இதெல்லாம் சென்னை மத்தியதர வர்க்கத்தின் பகற்கனவு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 1965இல் தெலுங்கிலும் 1966இல் இந்தியிலும், பிறகு கன்னடத்திலும் மராத்தியிலும் இதே மாமனார் ஏமாந்தார். கனமான ஆட்சேபம் வேறு. சாதியைப் பற்றி மூச்சுவிடாததால்தானே இவ்வளவு லேசாகச் சிரிக்க முடிந்தது? உண்மைதான். வேஷத்தால் பணத்தைக் காட்டிவிடலாம், ஊரறிந்த பிறப்பை மறைப்பது அத்தனை சுலபமில்லை. ஸ்ரீதர் தன்னால் தீர்க்க முடிந்த கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். குறை எதுவென்றால், காதல் கைகூடத் தொடங்கியதும் அந்தக் கூடாரம் காணாமல் போகிறது. வேலை கேட்ட குரலும் அதோடு நின்றுவிடுகிறது.