எச்சம் போகும் வழி

தை மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரங்களைப் பாருங்கள். இலையின் பச்சை தெரியாது, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஊட்டி வளர்த்த நாட்களில் இரவும் பகலுமாகப் போட்ட எச்சம் அது. காய்ந்தது உதிர்ந்து நீரில் விழும். ஒட்டிக்கொண்டிருப்பதை அடுத்த மழை கழுவி ஏரியில் சேர்க்கும். அங்கிருந்து அது எங்கே போகிறது என்பதுதான் கதை.

இந்த ஊரில் எச்சத்துக்கு என்றைக்குமே மதிப்பு உண்டு. பறவை அடையும் ஏரியின் தண்ணீர் பாய்ந்தால், உரம் குறைத்துப் போட்டாலும் நெல் கருகருவென்று எழும்பும். எச்சத்தில் இருக்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும் செய்கிற வேலை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். இனிச் சுடக்கூடாது என்று 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858இல் அந்த உரிமையை ஊரார் புதுப்பித்துக்கொண்டார்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறின. வனச் சட்டங்களுக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பறவைகளைக் காப்பாற்றியது உழவரின் கணக்கு.

மதகு திறந்தால் எச்சம் கரைந்த நீர் வாய்க்காலில் இறங்கி ஆயக்கட்டுக்குப் போகும். சம்பா அறுப்பு முடிந்து தாளடி மட்டும் நிற்கும் நேரத்தில் வாத்துக்காரர்கள் வந்து சேர்வார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு நீளக் கோலை வைத்துக்கொண்டு ஓர் ஆள் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வித்தை என்று. கோலைக் காற்றில் ஒரு வீசு வீசினால் மொத்தக் கூட்டமும் ஒரே உடம்புபோலத் திரும்பும். சிந்திய நெல், நத்தை, புழு, எல்லாவற்றையும் சேற்றுக்குள் அலகை விட்டு அலசித் தின்னும். இரவில் வலை கட்டிய பட்டியில் அடையும். விடியும் முன்பே முட்டை பொறுக்கிவிடுவார்கள். வயல்காரருக்கும் சந்தோஷம்தான், வாத்து எச்சம் அடுத்த போகத்துக்கு உரம். மேய்ச்சல் தீர்ந்தால் லாரியில் ஏற்றி அடுத்த மாவட்டம், சில சமயம் அடுத்த மாநிலம்.

காட்டுப் பறவையின் எச்சமும் வளர்ப்பு வாத்தின் எச்சமும் இப்படி ஒரே சேற்றில் சந்திக்கின்றன. வரப்பில் மாடு மேய்கிறது. அதன் குளம்படியில் கிளம்பும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் உண்ணிக்கொக்கு பொழுது சாய்ந்ததும் ஏரி மரத்துக்குப் பறந்துவிடுகிறது. சரணாலயத்துக்கு வேலி போடலாம், இந்தப் போக்குவரத்துக்கு எந்த வேலியும் கிடையாது.

இந்தப் போக்குவரத்தில் நோயும் சேர்ந்து போகலாம். பறவைக் காய்ச்சலின் வைரஸ் வாத்தின் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறுகிறது. வாத்துக்குப் பல சமயம் நோய் இருப்பதே தெரியாது. உறைநிலையை ஒட்டிய ஏரி நீரில் வைரஸ் 30 நாளுக்கு மேல் தாங்கும், 22 டிகிரி வெப்பத்தில் சுமார் 4 நாள்தான் என்று பழைய ஆய்வு ஒன்று காட்டியது. நம்முடைய வெயில் நமக்குத் துணை. ஆனால் எச்சம் தினமும் புதிதாக விழுகிறதே!

ஆகவே எச்சத்துக்கு ஆய்வுக்கூடம் நோக்கி இன்னொரு பயணமும் உண்டு. ஈர எச்சத்தை, அல்லது பறவையின் ஆசனவாயில் விட்டு எடுத்த பஞ்சுக் குச்சியை, ஊடகத் திரவம் உள்ள சிறு குப்பியில் போட்டு மூடி, மூன்றடுக்கு உறையில் வைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புகிறார்கள். கடைசித் தீர்ப்பு சொல்வது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். அங்கே பி.சி.ஆர். சோதனை நடக்கும். வைரஸை வளர்த்துப் பார்க்க, பத்து நாள் கரு வளர்ந்த கோழி முட்டைக்குள் மாதிரியைச் செலுத்துவார்கள். மரத்தில் விழுந்த எச்சம் கடைசியில் ஒரு முட்டைக்குள் போய் நிற்கிறது.

நோய் உறுதியானால் வரைபடத்தில் வட்டம் போடுகிறார்கள். 1 கி.மீ. ஆரத்துக்குள் தொற்றுப் பகுதி, 10 கி.மீ. வரை கண்காணிப்புப் பகுதி. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் வந்தது கோழிப் பண்ணைகளில். பண்ணை இடம் மாறாது, அதற்கு வட்டம் சரி. லாரியில் ஏறிப்போகும் வாத்துக்கு அது போதாது. தாய்லாந்தில் 2004 நோய்ப் பரவலை ஆராய்ந்த மரியஸ் கில்பர்ட் குழுவினர், கோழிகள் நிறைந்த இடங்களைவிட மேய்ச்சல் வாத்துகளும் நெல் வயல்களும் சேர்ந்த இடங்களோடுதான் நோய் அதிகம் ஒட்டிப் போகிறது என்று கண்டார்கள். நம் பக்கத்திலேயே குட்டநாட்டு வாத்துகள் 2014இலிருந்து திரும்பத் திரும்ப இந்த நோயில் மடிந்திருக்கின்றன.

அதனால் செங்கல்பட்டுக்கு வேண்டிய வரைபடம் வேறு மாதிரி. எந்த ஏரியின் மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது, எந்த வாரம் எங்கே அறுப்பு, எந்தப் பட்டி எந்தத் தடத்தில் நகர்கிறது, வலசை வந்த நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் எந்தத் தண்ணீரில் இறங்குகின்றன, இதெல்லாம் நாள் தேதியோடு அதில் இருக்க வேண்டும். கடலோரத்தையும் விடக்கூடாது. இந்த வைரஸ்களின் இயற்கை இருப்பிடம் முதன்மையாக வாத்தினமும், கரைப்பறவைகளும், ஆலாக்களுமே. கேளம்பாக்கம் உப்பளத்திலும் முட்டுக்காடு கழியிலும் கூடும் உள்ளான்கள் வேடந்தாங்கல் நாரைகளைவிட இந்த விஷயத்தில் முக்கியமானவை. மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் காமிராவோடு நிற்கும் அந்தச் சேற்றுத் திட்டுகளும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

பாதி வரைபடம் வாத்துக்காரரின் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அவரைக் குற்றவாளியாக நடத்தினால் அது வெளியே வராது. நோய் என்று சொன்னால் மொத்தப் பட்டியையும் கொன்று புதைத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறவரை, அவர் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏற்றத்தான் பார்ப்பார். உரிய இழப்பீடு தாமதமில்லாமல் கையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையை முதலில் கொடுங்கள், பிறகு வழி கேளுங்கள்.

பறவையையும் பழிக்க வேண்டாம். இன்று உலகம் சுற்றும் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸின் மூதாதையை 1996இல் முதலில் கண்டது சீனாவின் குவாங்டாங்கில், வளர்ப்பு வாத்து இனமான கூஸ் ஒன்றில். பண்ணையிலிருந்து வானத்துக்குப் போன நோய் இது. மரத்தை வெட்டுவதும் கூட்டைக் கலைப்பதும் பறவைகளை இன்னும் நாலு ஏரிக்குச் சிதறடிக்குமே தவிர நோயைத் தடுக்காது.

ஏரிக்கரையிலோ வயலிலோ காக்கை, கொக்கு, வாத்து கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நாயையும் வீட்டுக் கோழியையும் அண்ட விடாதீர்கள். அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணையும் அழைக்கலாம்.