பதின்மானம்

‘பதின்’ என்பது பத்து. பதின்மூன்று, பதின்மர் என்பவற்றில் வருவது. ‘மானம்’ அளவைக் குறிக்கும் வடசொல். பதின்மானத்துக்கு நிகரான ஆங்கிலச் சொல் ‘டெசைல்’, பத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘டெசெம்’ வழி வந்தது. அதை 1880களின் தொடக்கத்தில் புள்ளியியலில் வழங்கியவர் பிரான்சிஸ் கால்டன்.

ஏறுவரிசையில் அடுக்கிய தரவைப் பத்துச் சமபங்காக்க ஒன்பது வெட்டுப்புள்ளிகள் போதும், அவையே பதின்மானங்கள். மாணவர் தடுமாறுவது இங்கேதான். பதின்மானம் பங்கு அன்று, எல்லை. 19 பேரின் மதிப்பெண்களை வரிசையாக நிறுத்தினால் மூன்றாம் பதின்மானம் ஆறாவது மதிப்பெண்; 3 × (19 + 1) ÷ 10 = 6. ஐந்தாவது பதின்மானம் இடைநிலை அளவேதான். சூத்திரத்துக்கு முன் இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுவது மிக அவசியம்.

இதே முறையில் தரவை நான்காக்கும் கால்மானம் மூன்று, நூறாக்கும் நூற்றுமானம் (பெர்சென்டைல்) தொண்ணூற்றொன்பது. நூற்றுமானத்தைச் சதவீதத்தோடு குழப்புவது பெரும் கேடு. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் 90 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அன்று. அந்த அமர்வில் எழுதியவர்களில் 90 சதவீதத்தினர் அதே மதிப்பெண்ணோ அதற்குக் குறைவாகவோ பெற்றனர் என்பதே பொருள். ஆசிரியர்கள் இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.