பசை போக மிஞ்சிய எலும்பு

பல் மருத்துவர் மேசையில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குப்பியில் அரை கிராம் வெள்ளைக் குருணைதான் இருக்கும், ரவையைப் போல. விலையோ சில ஆயிரம் ரூபாய். "எலும்பு பத்தாது, கிராஃப்ட் வைக்கணும்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த வகையில் பெயர்பெற்ற பயோ-ஆஸ், ஆஸ்திரேலிய மாட்டெலும்பில் பிறக்கிறது. பைத்தியப் பசு நோய் பிரிட்டனை ஆட்டிவைத்த பிறகு, மாடு எந்த ஊரில் மேய்ந்தது என்பதே மருத்துவத் தொழிலில் பெரிய கேள்வியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லை.

அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் வோல்ஹூசன். 1851இல் தொடங்கிய கைஸ்ட்லிக் நிறுவனத்தின் பழைய தொழில், எலும்பிலிருந்து பசை எடுப்பது. எலும்பை வேகவைத்தால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து வரும். தச்சர்கள் மரம் ஒட்டிய பசை அதுதான். மிஞ்சும் சுண்ணாம்புச் சக்கை அக்காலத்தில் வயலுக்கு உரமாகப் போகும். 1980களில் அதே நிறுவனம் கணக்கைத் தலைகீழாக்கியது. கொழுப்பு, செல், கொலாஜன் எல்லாவற்றையும் காரத்தாலும் சுமார் 300 டிகிரி வெப்பத்தாலும் விரட்டிவிட்டு, சக்கையை வைத்துக்கொண்டது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டிருந்தால் படிகங்கள் ஒன்றோடொன்று இணைந்து பீங்கானாகியிருக்கும். இங்கே மாட்டெலும்பின் நுண்துளைகள் அப்படியே தங்குகின்றன. குப்பிக்குக் கொடுக்கும் காசு, என்னைக் கேட்டால், அந்தத் துளைகளுக்குத்தான்.

இந்தக் குருணை தேவைப்படுவதற்குக் காரணம், பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். மேல் கடைவாயில் இன்னொரு தொல்லை: சைனஸ் அறை கீழே இறங்கி வரும். 1965இல் ஸ்வீடனில் பிரனேமார்க் என்ற மருத்துவர், பல் வேருக்குப் பதிலாக டைட்டானியத் திருகை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். ஆனால் திருகு நிற்க எலும்பு வேண்டுமே! 1970களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் சைனஸின் தரையைத் தூக்கி அடியில் எலும்பு வைத்துப் பார்த்தார். 1980இல் பாயின், ஜேம்ஸ் என்ற இருவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். எலும்பு எடுத்ததோ நோயாளியின் இடுப்பிலிருந்து. வாய்க்கு வைத்தியம் பார்க்கப் போனவர் நொண்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிருந்தது. குருணைக்குக் கிராக்கி வந்ததில் வியப்பில்லை.

வாய்க்குள் அதன் வேலை எளிமையானது. ஈறைத் திறந்து, ரத்தம் கசியும்படி எலும்பில் சிறு துளைகள் போடுவார்கள். சின்னக் கிண்ணத்தில் நோயாளியின் ரத்தத்தோடு குழைத்த குருணையை உள்ளே வைப்பார்கள். அழுத்தித் திணிக்கக் கூடாது. ரத்தக்குழாய் நுழைய இடம் வேண்டும். மேலே ஒரு சவ்வு. ஈறு எலும்பைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துவிடும் என்பதால் அந்தத் தடுப்பு. வழக்கமான சவ்வுகளில் ஒன்று பன்றியின் கொலாஜனில் செய்தது.

ஆக, மாடும் பன்றியும் ஒரே வாயில். நம் ஊரில் இதை வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புதல் தாளை நீட்டும் கிளினிக்குகள் உண்டு, அது சரியில்லை. வேண்டாம் என்பவருக்கு வழியில்லாமல் இல்லை: செயற்கைக் கால்சியம் பாஸ்பேட், கொடையாகப் பெற்ற மனித எலும்பு, அவருடைய முகவாயிலிருந்தே சுரண்டிய எலும்பு. கடைசியானதற்கு இன்னொரு புண் ஆறவேண்டும், அவ்வளவுதான்.

தையல் போட்டபின் நாலிலிருந்து ஒன்பது மாதம் காத்திருப்பு. குருணை எதையும் உருவாக்குவதில்லை. அதற்கு உயிர் கிடையாது. அதன் துளைகளில் ரத்தக்குழாய்கள் ஏற, எலும்புச் செல்கள் அதன்மேல் படிந்து புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஆண்டுகள் கழித்து எடுத்த துணுக்குகளிலும் மாட்டுக் குருணை கரையாமல் இருந்திருக்கிறது. முழுக்கக் கரைய வேண்டும் என்று சில மருத்துவர்கள் குறைப்படுகிறார்கள். கரையாததால்தான் கட்டிய மேடு மறுபடி சரியவில்லை என்பது மற்றவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், திருகைத் தொட்டு நிற்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் புது எலும்பு. குருணை சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது.