தனித்தனியே கேள்!

இரண்டு மாணவர்கள் ஒரே கதையை ஒரே சொற்களால் ஒப்பித்தால், ஆசிரியராகிய நாம் என்ன செய்கிறோம்? ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு மற்றவனைக் கேட்கிறோம். இந்த எளிய முறையே ஒரு பெண்ணின் உயிரைக் காத்ததாகப் பழங்கதை ஒன்று பகர்கிறது.

பாபிலோன் நகரிலே சூசன்னா என்பாள்மீது இருவர் பழி சுமத்தினர். யார் அவர்கள்? மக்களின் மூப்பர்கள், தீர்ப்பு வழங்கும் நடுவர்கள்! தம் இச்சைக்கு இணங்க மறுத்தவளை, இளைஞன் ஒருவனோடு தோட்டத்திலே கூடியிருந்தாள் என்று தூற்றினர். பெரியவர் வாக்கிலே பொய் இருக்குமா? அவை நம்பிற்று, சாவுத் தண்டனை விதித்தது. அப்போது எழுந்தான் தானியேல் என்னும் இளைஞன். இருவரையும் பிரித்து நிறுத்தி, எம்மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே வினவினான். ஒருவர் பிசின் மரம் என்றார். மற்றவர் கருவாலி மரம் என்றார். பொய் பொடிப்பொடியாயிற்று, பெண் பிழைத்தாள்.

கடவுளே அவனைத் தூண்டினார் என்று கதை கூறும். கூறட்டும்! பொய்யைப் பிளந்தது கேள்வியன்றோ? சான்றுச் சட்டப் பேரறிஞர் விக்மோரும் சாட்சிகளைப் பிரித்து விசாரிக்கும் முறைக்கு இக்கதையையே எடுத்துக் காட்டினார்.

அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் 1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சான்று விதிகளுள் 615ஆம் விதி இம்முறையைச் சட்டமாக்கிற்று. வழக்காடுவோர் கோரினால், பிற சாட்சிகள் கூறுவதைக் கேளாவண்ணம் சாட்சிகளை நீதிபதி வெளியேற்றியே தீர வேண்டும். வழக்கின் தரப்பினர் உள்ளிட்ட சிலருக்கு விலக்குண்டு. தம் வழக்கைத் தாமே காணும் உரிமையைப் பறிக்கலாகாது அன்றோ?

ஆனால் விதியும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லகாமா நகரிலே வெடித்த குண்டு 168 பேரைக் கொன்றது. தண்டனை பற்றிய கட்டத்திலே தம் துயரை எடுத்துரைக்க விரும்புவோர் விசாரணையைக் காணலாகாது என்று நீதிபதி 1996இல் ஆணையிட்டார். மகனை இழந்த தாய், பேசுவதா, பார்ப்பதா? இரண்டில் ஒன்றையே தேர்ந்திட வேண்டும்! குண்டு வைத்தவன் யார் என்பதற்கு அவள் சாட்சியல்லள். தன் கண்ணீருக்கே சாட்சி. பிறர் மொழி கேட்டு அக்கண்ணீர் பொய்யாகிவிடுமோ? 1997இல் அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றி, அக்காரணம் ஒன்றுக்காகவே அத்தகையோரை வெளியேற்றுவதைத் தடுத்தது.

தோழர்களே! மூப்பர் என்பதற்காக நம்பியது அவை. ஓர் உயிர் மடிய இருந்தது. விதி என்பதற்காகக் கதவடைத்தது மன்றம்; துயருற்றோர் புறத்தே நின்றனர். சாட்சியையும் கேள்வி கேட்போம். சாட்சியை வெளியேற்றும் விதியையும் கேள்வி கேட்போம். நீதி பிழைக்க வேறு வழியில்லை.