நெஞ்சுவலியும் கடிகாரமும்

"நெஞ்சுவலி வந்தது, போய்விட்டார்." நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல பெரியவர்களின் முடிவை இப்படித்தான் சொல்வார்கள். மாரடைப்பு என்ற சொல் பின்னால்தான் வழக்கத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது 'க்ரீஸ் கார்தியாக்'. பெயர் தெரிந்திருந்ததே தவிர, வைத்தியம் இருக்கவில்லை.

இத்தனைக்கும் நம் ஊருக்கு மருத்துவப் படிப்பு புதிதல்ல. 1823இல் பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது, 1964இல் அது ஜிப்மர் ஆனது. ஆனால் அந்த நாட்களில் உலகம் முழுவதுமே மாரடைப்புக்குப் பெரிய வைத்தியம் படுக்கைதான். வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். 1952இல் லெவைன், லோன் என்ற அமெரிக்க மருத்துவர்கள், நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியதே அப்போது துணிச்சலான பேச்சு. 1960களில் இதயத்துக்கென்று தனி வார்டுகள் வந்தன. துடிப்பு தாறுமாறானால் மின்சார அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அதெல்லாம் பெரிய நகரங்களில்தான். கிராமத்து ஆஸ்பத்திரியில் வலிக்கு ஒரு ஊசி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆக்சிஜன்.

திருப்பம் 1980களில் வந்தது. ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தை இத்தாலியில் சுமார் 11,800 பேரிடம் சோதித்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர்கள் பிழைத்தன. வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1988இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், இந்த மருந்தும் சாதாரண ஆஸ்பிரினும் சேர்ந்து, ஐந்து வார இறப்பை 13 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கின. சிறிய ஆஸ்பத்திரியிலும் டிரிப்பில் ஏற்றக்கூடிய மருந்து என்பதால், கிராமத்துக்கு இதுதான் முதல் நல்ல செய்தி.

ஆனால் மருந்து இருப்பது வேறு, கிடைப்பது வேறு. இந்தியாவில் 20,468 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க, நடுத்தரமாக 360 நிமிடம் ஆகியிருந்தது. அதாவது ஆறு மணி நேரம்! முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கிடைத்த சிகிச்சையின் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. ஏழையின் இதயம் பலவீனமானதல்ல, அவருக்கு உரிய வைத்தியம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிறகு சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்துப் பார்த்தார்கள். அருகிலுள்ள இடத்தில் இ.சி.ஜி. எடுத்து, கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்து, பிறகு ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவது. 2017இல் வெளியான கணக்குப்படி, ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 61 சதவீதமானார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். (மருத்துவர் பார்த்துக் கொடுப்பது இது. நாமாகக் கடையில் வாங்கி விழுங்குவதற்கல்ல.)

ஆக, அரசாங்கம் தன் பங்குக்குச் சாலையைக் கொஞ்சம் குறுக்கியிருக்கிறது. மீதித் தாமதம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. "வாயுதான், ஓமத்தண்ணீர் குடி", "ஒரு சோடா போதும்", "பையன் வரட்டும்", "விடியட்டும்". நம் வயதுக்காரர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் நேரத்தைத் தொலைக்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு மட்டும் வரலாம்.

என் அலுவலகத்தில் தபால் வந்ததும் முதல் வேலை தேதி முத்திரை. அது இல்லாமல் கோப்பு நகராது. நெஞ்சுவலிக்கு அந்த முத்திரையை நாம்தான் வீட்டில் குத்த வேண்டும். வலி எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள், ஒரு காகிதத்தில் எழுதுங்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. வாயுவாக இருந்தால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.